பெயர் வைக்காத பட்டன்கள்

வாசனைப்பயிர்ச் செய்கையாளர் ஒன்றியத்தின் மாத்தளைக் காரியாலயத்தில் மூன்று கவுன்டர்கள் இருந்தன. முதலாவதிலும் இரண்டாவதிலும் கண் நன்றாகத் தெரிகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை என்னவோ மூன்றாவதற்கு முன்னால்தான் நீண்டது. பல்லேபொலவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிற மிளகுக்காரரும், கலேவெலப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவரும், மற்ற இரண்டிலும் ஈயோட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று மூன்றாவதில்தான் போய் நிற்பார்கள். அங்கே பிரசாந்தினி இருந்தாள். அவளுக்குக் கண் தெரியாது.

கண் தெரியாத பெண்ணிடம் வேலை சீக்கிரம் முடியும் என்று புதிதாக வருகிறவரிடம் சொன்னால், கேலி பண்ணுகிறார்கள் என்றே நினைப்பார். "இலக்கம் சொல்லுங்க" என்பாள் அவள். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் விரல்கள் தட்டி முடித்திருக்கும். "ஒங்களுக்கு முப்பது கராம்புக் கன்னு வந்திருக்கு. வியாழக்கிழம வந்து எடுத்துக்கங்க. போன மாரிக்குக் குடுத்த மிளகுல எத்தன பிடிச்சிச்சு?" என்று அவள் கேட்கும்போது, பக்கத்துக் கவுன்டரில் இருக்கிறவர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அதற்குக் காரணம் அந்தக் காரியாலயத்தின் பழைய கணினி முறை. அக்குறணையைச் சேர்ந்த ஷிஃபான் என்ற பொறியியலாளர் எழுதிக் கொடுத்தது. படம் கிடையாது, நிறம் கிடையாது. கறுப்புத் திரை, அதில் எழுத்து, எழுத்துக்குப் பக்கத்தில் மின்னுகிற ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். ஒருவருடைய விபரத்தைப் பார்க்க 'பா' என்பதற்குரிய இரண்டு ஆங்கில எழுத்தையும் அவருடைய இலக்கத்தையும் தட்ட வேண்டும். புதிதாகச் சேர்க்க 'சே', மாற்ற 'மா'. இப்படி நாற்பத்திரண்டு கட்டளைகள். கண் தெரிந்தவர்களுக்கு அது பெரிய தலையிடி. கட்டளைகளைக் கடதாசியில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒட்டின கடதாசியைப் பார்த்துப் பார்த்துத் தட்டியும் பிழை விட்டார்கள். 2011இல் வேலைக்கு வந்த பிரசாந்தினி நாற்பத்திரண்டையும் மூன்று நாளில் பாடமாக்கிவிட்டாள்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்ல அவளுடைய கணினியில் ஒரு குரல் இருந்தது. அது ஒரு வெள்ளைக்காரன் குரல். விவசாயிகளின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில் பதிந்திருந்ததால், அவன் வாயில் அவை படாத பாடு பட்டன. செயலாளர் ஞானசுந்தரத்தை அவன் "ஜினானா சண்டரம்" என்றான். இரண்டாவது கவுன்டரில் இருந்த நிஷ்மியாதான் அந்தக் குரலுக்குத் 'துரை' என்று பெயர் வைத்தாள். "என்னடி, தொர இன்னைக்கு நல்ல மூட்லயா இருக்காரு?" என்று காலையில் கேட்டுக்கொண்டே கைப்பையை மேசை லாச்சிக்குள் வைப்பாள். பிரசாந்தினி துரையை ஓடவிடுகிற வேகத்தில் மற்றவர்களுக்குக் கேட்டதெல்லாம், சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான். அவளுக்கு அதில் ஒரு எழுத்துத் தப்பாது.

அவள் பிறவிக் குருடில்லை. எட்டாம் வகுப்பில் அந்தி சாய்ந்தால் தட்டுத் தடுமாறத் தொடங்கினாள். மாலைக்கண் என்று சொல்லி கரட்டும் கீரையுமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதும்போது வினாத்தாளில் ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும்தான் தெரிந்தது. கண்டியில் பார்த்த டொக்டர், இது பரம்பரை, மருந்தில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும் என்று நேரே சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வயதில், வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிகிற அளவு மட்டும் மிஞ்சியது. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, அண்ணன் சசிகரன் வீட்டோடு வந்துவிட்டாள்.

அண்ணனும் அண்ணியும் அவளைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தார்கள், அதில் குற்றம் சொல்ல இடமில்லை. குறை என்னவென்றால், அந்த வீட்டில் அவள் எதையும் தொட முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றப் போனாலும் யாராவது ஓடிவந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். வெங்காயம் உரிக்கவா என்று கேட்டால், "நீ பாவம், போய் உக்காரு" என்பார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக அவள் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே இருந்தாள். எழுந்து நின்றது மூன்றாவது கவுன்டரில்தான். அங்கே ஆட்கள் அவளிடம் உதவி கேட்டு வந்தார்கள். அவள் யாருக்கும் பாரமில்லாமல் இருந்த ஒரே இடம் அந்தக் கதிரை. அது இல்லாவிட்டால் தான் யார் என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அதை அவளே நிஷ்மியாவிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

நிஷ்மியா மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். இருவருக்கும் ஒரே வயது. காலையில் பஸ் ஸ்டாண்டில் முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், பிரசாந்தினி பிடித்துக்கொள்வாள், பேச்சு அங்கே தொடங்கும். பகல் சாப்பாட்டுக்கு இருவரின் பார்சலும் நடுவில் வந்துவிடும். காரியாலயத்தில் நிஷ்மியாவுக்கு ஒரு நல்ல பேர் இருந்தது, அது படிவம் நிரப்புவதில். நிவாரணம், மானியம், வீட்டுத் திருத்தம் என்று என்ன படிவம் வந்தாலும் எழுதத் தெரியாதவர்கள் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். அவளுக்கு அதன் சூட்சுமம் தெரியும். கூரையில் ஒரு ஓட்டை என்றால் மூன்று என்று போட வேண்டும். புருஷனுக்கு முழங்கால் வலி என்றால் நடக்க முடியாதவர் என்று போட வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினால் மேலே இருக்கிறவன் திரும்பியும் பார்க்க மாட்டான், இல்லாமை கூடக் கூடத்தான் உதவி வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படி எழுதி எத்தனையோ பேருக்கு அவள் கூரைத் தகடு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

2023இல் ஒன்றியத்தின் தலைமைக் காரியாலயம் எல்லாக் கிளைகளுக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து பெரிய திரையில் போட்டுக் காட்டினார். "இனிமே எதையும் பாடமாக்கத் தேவையில்ல. படத்தப் பாருங்க, அழுத்துங்க, வேல முடிஞ்சிச்சு" என்றார். மிளகுக்கு மிளகுக் கொத்துப் படம், கன்றுக்கு இலைப் படம், தேடுவதற்கு ஒரு பூதக்கண்ணாடி. எல்லோரும் கைதட்டினார்கள். பிரசாந்தினியும் தட்டினாள். நிஷ்மியா ஷிஃபானின் கட்டளைகளோடு மல்லுக்கட்டி அழுத நாட்கள் உண்டு. அவளுக்கு அன்று பெருநாள் மாதிரி. உண்மையைச் சொன்னால் கண் தெரிந்தவர்களுக்கு அது நல்ல முறைதான்.

மறுநாள் பிரசாந்தினி தன் கணினியில் அதைத் திறந்து, துரையை வாசிக்கச் சொன்னாள்.

"பட்டன்" என்றான் துரை. அடுத்ததற்குப் போனாள். "பட்டன்." அதற்கு அடுத்தது. "பட்டன்." கடைசி வரை போய்ப் பார்த்தாள். பத்தொன்பது பட்டன்கள். ஒன்றுக்கும் பெயரில்லை. படம் வரைந்தவர்கள், படத்துக்குப் பின்னால் இது இன்னது என்று ஒரு சொல் எழுதி வைக்க மறந்துவிட்டார்கள். அந்தச் சொல் இருந்தால் துரை வாசித்திருப்பான்.

அவள் கம்பெனிக்குப் போன் எடுத்தாள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பட்டன்களுக்குப் பேரு வைக்க எவ்வளவு நேரம் போகும், சேர்?"

"அது ஒண்ணும் பெரிய வேல இல்ல மிஸ். அரை நாள் போகும்."

"அப்ப செஞ்சு தரலாம்தானே?"

"செய்யலாம். ஆனா எங்க ஒப்பந்தத்துல அது இல்ல. ஒரே ஒருத்தருக்காகன்னா... அடுத்த வேர்ஷன்ல பாப்போம்."

ஷிஃபானிடம் கேட்கலாம் என்றால் அவர் கட்டாருக்குப் போய் நாலு வருஷமாகியிருந்தது. இந்த முறை அவருடையதும் இல்லை.

சும்மா இருக்கிற ஆளா பிரசாந்தினி? நிஷ்மியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலாவது பட்டன் என்ன படம், இரண்டாவது என்ன படம் என்று கேட்டுப் பத்தொன்பதையும் பாடமாக்கினாள். தேடுவது ஆறாவது. சேமிப்பது பதினான்காவது. நீக்குவது பதினாறாவது, அந்தப் பக்கமே போகக்கூடாது. ஒரு விவசாயியின் விபரத்தைப் பார்க்க முன்பு ஒரு வரி தட்டியவள், இப்போது விரலால் எண்ணி எண்ணித் தாவினாள். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது "மிஸ், எப்படி சொகமா?" என்று கேட்டுவிட்டால் எண்ணிக்கை குழம்பும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் மெல்ல மெல்ல மற்றக் கவுன்டர்களுக்கு நழுவினார்கள். அவளுக்கு அது கேட்டது. செருப்புச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் விடவில்லை. இரண்டு மாதத்தில் வேகம் கொஞ்சம் பிடிபட்டது. "பாத்தியாடி, தொரைக்கே வாய் ஓய்ஞ்சு போச்சு" என்று சிரிக்கவும் செய்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பல்லேபொலவிலிருந்து நோனா வந்தார். சிங்களப் பெண்மணி, அறுபது தாண்டியவர், எல்லோருக்கும் அவர் வெறும் நோனாதான். வேறு கவுன்டருக்குப் போகாத இரண்டு மூன்று பேரில் அவரும் ஒருவர். அவருடைய போன் இலக்கம் மாறியிருந்தது. பிரசாந்தினி மாற்றினாள், எண்ணிக்கொண்டு பதினான்காவதுக்குப் போனாள், அழுத்தினாள். நிச்சயமா என்று ஒரு பெட்டி கேட்டது. வழக்கமாகச் சேமிக்கும்போதும் அப்படித்தான் கேட்கும். ஆம் என்றாள். நோனா சிங்களத்தில் அவளை வாழ்த்திவிட்டுப் போனார்.

அதற்கு முந்தின இரவு கம்பெனிக்காரர்கள் முறையைப் புதுப்பித்திருந்தார்கள். அழகுக்காக இரண்டு படங்களை எடுத்துவிட்டு, மற்றவற்றைக் கிட்டக் கிட்ட அடுக்கியிருந்தார்கள். நீக்குவது பதினான்காவது இடத்துக்கு வந்திருந்தது. கண் தெரிந்தவர்களுக்கு அது ஒரு விஷயமேயில்லை, படம் பார்த்து அழுத்திக்கொண்டார்கள். யாருக்கும் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. அன்று பகலுக்குள் அவள் கையால் ஏழு பேருடைய பதிவுகள் போயின.

ஆறு பேருடையதைத் திரும்ப எழுதிச் சேர்த்தார்கள். நோனாவுடையது மட்டும் கராம்புக் கன்றுப் பட்டியல் தலைமைக் காரியாலயத்துக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. நாற்பது கன்றுக்குக் குழி வெட்டிக் காத்திருந்த மனிஷி வெறுங்கையோடு நின்றார். "அனே மிஸ், பரவாயில்ல, அடுத்த வருஷம் எடுத்துக்கிறேன்" என்று அவர் பிரசாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஞானசுந்தரம் சேர் கெட்ட மனுஷன் இல்லை. அவளைக் கூப்பிட்டு, "பிரசாந்தினி, கொஞ்ச நாளைக்கு நீங்க பின்னால டெலிபோன் மேசைக்குப் போங்க. பிழ ஒங்க மேல இல்ல, எனக்குத் தெரியும். ஆனா நான் மேல பதில் சொல்லணுமே" என்றார். பின்னால் இருந்த டெலிபோன் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அடித்தது. அதிலும் பாதி தவறான இலக்கம். மிச்ச நேரமெல்லாம் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வீட்டில் இருப்பது போல.

நிஷ்மியாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு உதவிக்கு ஒரு ஆளைப் போட்டுக் கொடுத்தால் என்ன, படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதுமே, மற்றதெல்லாம் இவள் செய்வாளே என்று வீட்டில் உம்மாவிடமும் புலம்பினாள்.

அடுத்த மாதம் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு பணியாளரும் தன் திறனைத் தானே மதிப்பிட்டு இணையவழியில் அனுப்ப வேண்டும். அதிலும் துரைக்கு வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் பட்டன், பட்டன். பிரசாந்தினி நிஷ்மியாவைக் கூப்பிட்டாள். நிஷ்மியா பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பெயர், அடையாள அட்டை, சேவைக்காலம் என்று கேட்டுக் கேட்டு நிரப்பினாள். பத்துக் கேள்வி போனது. பதினோராவதில் சுட்டெலி நின்றது.

"என்ன கேக்குது?" என்றாள் பிரசாந்தினி.

"ஒண்ணுமில்லடி. சும்மா உத்தியோக விஷயம்."

கேள்வி இதுதான்: உமது கடமைகளைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலுமா? கீழே மூன்று கட்டங்கள். முற்றாக இயலும். ஓரளவு இயலும். இயலாது. நிஷ்மியா வெளியில் நின்ற வரிசையைப் பார்த்தாள், பின்னால் இருந்த டெலிபோன் மேசையைப் பார்த்தாள். ஓரளவு என்று போட்டால் ஓரளவுக்குக்கூட எவனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது அவளுடைய இத்தனை வருஷ அனுபவம். இயலாது என்று போட்டால் ஆள் வரும். வாசித்துக் காட்டினால் பிரசாந்தினி விடமாட்டாள் என்பதும், அந்தச் சொல்லைக் கேட்டாலே அவள் உடைந்து போவாள் என்பதும் தெரியும். மனசுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் அடையாளம் போட்டாள். அனுப்பினாள். அந்தக் காரியத்தில் கடுகளவும் கெட்ட எண்ணம் இல்லை.

மூன்று மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. பகல் சாப்பாட்டு நேரம். பிரசாந்தினி உறையைக் கிழித்து நிஷ்மியாவிடம் நீட்டினாள். தான் திரும்பக் கவுன்டருக்குப் போகிற கடிதம் என்று நினைத்தாளோ என்னவோ, முகம் மலர்ந்திருந்தது.

நிஷ்மியா வாசித்தாள். "தங்களது சுய மதிப்பீட்டுப் படிவத்தின் பதினோராவது வினாவுக்கு, தமது கடமைகளைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாது எனத் தாங்களே..." அதோடு குரல் நின்றது.

"நிப்பாட்டாத. வாசி."

"பிரசா..."

"வாசிடி."

"தாங்களே பதிலளித்துள்ளமையால், மருத்துவக் காரணங்களின் அடிப்படையில், எதிர்வரும் முதலாந் திகதி தொடக்கம் தாங்கள் சேவையிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். ஆட்சேபணை இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் இணையவழியில் மாத்திரம் மேன்முறையீடு செய்யலாம்."

"தாங்களேன்னா யாரு?" என்றாள் பிரசாந்தினி. "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

நிஷ்மியா கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்த சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் பிரசாந்தினிக்கு விளங்கிவிட்டது.

"நீயா?"

"அல்லாஹ் மேல சத்தியமா, ஒனக்கு ஒரு ஆளப் போடுவாங்கன்னுதான்டி செஞ்சேன். எல்லாருக்கும் நான் அப்படித்தானே எழுதுறேன். ஒன்னைய இப்படி அனுப்புவாங்கன்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ விடமாட்ட."

"விடமாட்டேன்தான்" என்றாள் பிரசாந்தினி. "அது என்னோட வாய் நிஷ்மியா. நீ அதையும் பொத்திட்டே."

அன்று அவள் யாருடைய முழங்கையையும் பிடிக்கவில்லை. வெள்ளைப் பிரம்பை விரித்துத் தனியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கடைக்காரர் ஒருவர் தெருவில் பரப்பி வைத்திருந்த பிளாஸ்டிக் வாளிகளில் மோதி விழப் பார்த்தாள். நிஷ்மியா இருபதடி பின்னால், பஸ் ஏறும் வரை சத்தமில்லாமல் வந்தாள். அவள் வருவது பிரசாந்தினிக்குத் தெரிந்தது. திரும்பவில்லை.

வீட்டில் சசிகரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போனா போகட்டும். யாரு ஒன்னைய வேலைக்குப் போகச் சொன்னா? இங்க ஒனக்கு என்ன கொற?" என்றார். பாசத்தில்தான் சொன்னார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மேன்முறையீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவமானப்பட்டது போதும் என்பது அண்ணனுடைய கட்சி.

பதினான்காவது நாள் பகல், அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போன பிறகு, அவள் அண்ணனின் மடிக்கணினியில் உட்கார்ந்தாள். வாசிக்கிற குரல் அதிலும் இருந்தது. மேன்முறையீட்டுப் பக்கத்தில் எழுதுகிற பெட்டிகளுக்கு நல்லவேளையாகப் பெயர் இருந்தது. காரணம் என்ற பெட்டியில் எழுதினாள். பன்னிரண்டு வருஷம் பிழையில்லாமல் வேலை செய்தேன். எனக்குக் கண் தெரியாதது அன்றும் இன்றும் ஒன்றுதான், மாறியது கணினி முறை. பட்டன்களுக்குப் பெயர் வைத்தால் போதும், எனக்கு உதவியாள் வேண்டாம். அரை நாள் வேலை என்று கம்பெனியே சொன்னது. இதை நான்கு தடவை திருத்தி எழுதினாள். எழுதி முடித்தபோது, பல மாதத்துக்குப் பிறகு, முதுகு நேராக இருந்தது.

அடுத்த பக்கத்தில் ஒன்பது படங்கள். வாகனம் உள்ள படங்களைத் தெரிவு செய்க, நீங்கள் இயந்திரம் அல்ல என்பதை உறுதி செய்க என்றது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது என்பார்களே, அதை அவள் மெய்யாகவே செய்து பார்த்தாள். பதினொரு தடவை பிழை என்றது. நேரம் இரண்டரை. நாலு மணிக்குப் பக்கம் மூடிவிடும். அண்ணனுக்குப் போன் எடுத்தால் என்ன சொல்வார் என்று தெரியும். பதின்மூன்று நாள் பேசாமல் இருந்த இலக்கத்துக்கு எடுத்தாள்.

நிஷ்மியா அரை நாள் லீவு போட்டுத் திரீவீலரில் வந்து இறங்கினாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. "நான் எல்லாத்தையும் வாசிக்கிறேன். ஒரு எழுத்து விடமாட்டேன்" என்றாள். வாசித்தாள். பிரசாந்தினி எழுதியதை வாசிக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். படங்களை அவள் ஒரு நொடியில் தெரிவு செய்தாள், சரி என்றது. அதற்குப் பின்னால் ஒரு வரி வந்தது, பக்கத்தில் ஒரு கட்டம்.

"இந்த மேன்முறையீட்டை எவரது உதவியுமின்றி நானே பூர்த்தி செய்தேன் என உறுதிப்படுத்துகிறேன்." வாசித்துவிட்டு நிஷ்மியா கையை எடுத்துவிட்டாள். "இதுல டிக் போடாட்டிப் போகாது, பிரசா. செவப்பு நட்சத்திரம் போட்டிருக்கு. ஆனா நான் இதத் தொடமாட்டேன். ஒரு தடவ தொட்டது போதும்."

"வேற வழி இருக்கா?"

"இல்ல."

"நேரம்?"

"மூணே முக்கால்."

பிரசாந்தினி யோசித்தாள். சொல்லெல்லாம் அவளுடையது. அந்த ஒன்பது படம் மட்டும்தான் அவளுடையதில்லை. அதற்காகப் பன்னிரண்டு வருஷத்தை விடுவதா? "எங்கையப் பிடிச்சு அதுல வை" என்றாள். நிஷ்மியா அவள் கையைச் சுட்டெலியில் வைத்து, மேலே தன் கையை வைத்து, அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனாள். பிரசாந்தினி அழுத்தினாள். பிறகு இருவரும் அண்ணியின் சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்கள். ஊற்றியது பிரசாந்தினி. நிஷ்மியா தடுக்கவில்லை. முன்பு போலப் பேசிக்கொண்டார்கள், நோனாவுக்கு இந்த வருஷம் கன்று கிடைத்ததை நிஷ்மியா சொன்னாள், துரை எப்படி இருக்கிறார் என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில் மின்னஞ்சலில் வந்தது. சாதாரண எழுத்து, படம் ஏதுமில்லை. அவளுடைய போன் அதைத் தமிழில் தங்குதடையில்லாமல் வாசித்தது.

"தாங்கள் மேன்முறையீட்டுப் படிவத்தை எவரது உதவியுமின்றி இணையவழியில் பூர்த்தி செய்துள்ளதாகத் தாங்களே உறுதிப்படுத்தியுள்ளீர்கள். ஆகவே எமது கணினி முறைமையைப் பார்வையற்றோர் பயன்படுத்த இயலாது என்னும் தங்களது முறைப்பாடு ஆதாரமற்றது எனத் தீர்மானிக்கப்பட்டது. முறைமையில் மாற்றம் எதுவும் தேவையில்லை. தங்களது விடுவிப்பு தொடர்பான முன்னைய தீர்மானத்திலும் மாற்றமில்லை."

மூன்று தடவை வாசிக்க வைத்துக் கேட்டாள். முடியாது என்று எழுதியதையும் அவர்கள் நம்பினார்கள், முடியும் என்று எழுதியதையும் நம்பினார்கள். அவள் தன் வாயால் சொன்ன நாலு வரியை மட்டும் யாரும் நம்பவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடுக்களையில் அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. நிஷ்மியா.

"பதில் ஏதும் வந்திச்சா? சேருக்கு கொப்பி வந்திருக்காம், என்னன்னு சொல்ல மாட்டேங்கிறாரு."

பிரசாந்தினி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"வந்திச்சு. இல்லன்னுட்டாங்க."

"யா அல்லாஹ். ஏன்? என்ன சொல்றாங்க? அந்த டிக்காடி? நாம அன்னைக்கு போட்டோமே, அதனாலயா?"

"சே, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல. அந்த வேலையையே எடுத்துட்டாங்களாம். மூணாவது கவுன்டரே இனி இல்லையாம். யாரு என்னத்த எழுதியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

"அப்ப மொதல்ல நான் போட்டது..."

"அதுவும் இல்ல. நீ ஒண்ணுமே செய்யல்ல நிஷ்மியா."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு விடுபட்டது. அப்புறம் நிஷ்மியா விம்மி விம்மி அழத் தொடங்கினாள். பல மாதமாக அடக்கி வைத்த அழுகை. "நான் வந்து ஒருக்கா வாசிச்சுப் பாக்கவா? ஏதாவது வழி இருக்கும்" என்று இடையில் கேட்டாள்.

"வேணாம். அழிச்சிட்டேன்" என்றாள் பிரசாந்தினி.

நிஷ்மியா அழுது முடியும் வரை இவள் காதில் போனை வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாள் நிஷ்மியா, வா என்றாள் இவள். பேசி முடித்ததும், அடுக்களையில் துருவுகிற சத்தம் நிற்பதற்குள், அந்த மின்னஞ்சலைத் தேடியெடுத்து அழித்தாள். அதற்கு அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.